அப்புறம் என்ன ஆச்சு?

(சிகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோரும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் எல்லோருக்கும் ஒரு தேர்வுக் கேள்வி நினைவிருக்கும். 'கீழ்க்காணும் குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக.' அதன் கீழே: காகம் – தாகம் – பானை – அடியில் கொஞ்சம் நீர் – கூழாங்கற்கள் – நீர் மேலே வந்தது – நீதி. இதற்கு ஐந்து மதிப்பெண். நாம் என்ன செய்தோம்? கோடு இருந்த இடத்திலெல்லாம் ஒரு வினைச்சொல்லைப் போட்டோம். 'ஒரு ஊரில் ஒரு காகம் இருந்தது. அதற்குத் தாகம் எடுத்தது.' தலைப்பு வைத்தால் ஒரு மதிப்பெண், நீதி எழுதினால் ஒரு மதிப்பெண். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் நாற்பது காகங்களும் ஒரே பானைக்கு வந்து, ஒரே மாதிரி கல் பொறுக்கிப் போட்டு, ஒரே அளவு தண்ணீர் குடித்துவிட்டுப் பறந்தன. ஒரு காகமாவது பானையைத் தட்டிவிட்டதா? ஒரு காகமாவது பக்கத்து வீட்டுக் குழாயைப் பார்த்ததா? பார்த்திருந்தால் மதிப்பெண் போயிருக்கும்.

அது வாக்கியப் பயிற்சி. வாக்கியப் பயிற்சிக்கு ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கதை என்று பெயர் வைத்ததில்தான் வினை. அந்தக் கதை ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரியும். தனக்குத் தெரிந்த கதையைப் பிள்ளையிடம் கேட்டு, சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கிறார். உலகத்தில் வேறு எங்கேயும் யாரும் இப்படிக் கதை கேட்பதில்லை. வீட்டுத் திண்ணையில் கேட்பதில்லை, ரயிலில் கேட்பதில்லை. கதை என்றால் கேட்பவருக்கு அடுத்தது தெரியக்கூடாது. தெரியாததால்தான் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று வாய் திறக்கிறார். அந்த ஒரு கேள்வி இல்லாத இடத்தில் ஏழு வயதுப் பிள்ளை எதற்காகக் கதை எழுத வேண்டும்?

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பனை போதவில்லை என்று ஆசிரியர்கள் அடிக்கடி சொல்கிறோம். கற்பனை போதுமான அளவு இருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்காதது கதை கேட்கும் ஓர் ஆள்.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசுவதில் ஒரு வசதி. தெலுங்கு வீடுகளில் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. உங்கள் பக்கத்து வீட்டு அம்மம்மாவிடம் கேட்டால் இன்றைக்கும் சொல்வார். ஒரு ராஜா. அவருக்கு ஏழு மகன்கள். ஏழு பேரும் வேட்டைக்குப் போய் ஏழு மீன் கொண்டுவந்தார்கள். வேட்டைக்குப் போனவர்கள் மீன் கொண்டுவருவானேன் என்று எந்தக் குழந்தையும் இதுவரை கேட்டதில்லை. மீன்களைக் காயப் போட்டார்கள். ஒரு மீன் மட்டும் காயவில்லை. மீனே மீனே, ஏன் காயவில்லை? புல்லுக்கட்டு வெயிலை மறைத்தது. புல்லுக்கட்டே, ஏன் மறைத்தாய்? மாடு என்னை மேயவில்லை. மாடே, ஏன் மேயவில்லை? மாட்டுக்காரப் பையன் அவிழ்த்துவிடவில்லை. அவனைக் கேட்டால், அவ்வா, அதாவது பாட்டி, சோறு போடவில்லை என்கிறான். அவ்வாவைக் கேட்டால், குழந்தை அழுதது என்கிறார். குழந்தையைக் கேட்டால், எறும்பு கடித்தது என்கிறது. கடைசியில் எறும்பு. என் பொன்னான புற்றுக்குள் விரலை விட்டால் கடிக்காமல் என்ன செய்வேன் என்கிறது எறும்பு. அவ்வளவுதான் கதை.

இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அரண்மனையில் தொடங்கிய கதை எறும்புப் புற்றில் போய் முடிகிறது. ராஜா முதல் வரியோடு காணாமல் போய்விட்டார். அவரைத் தேடுவார் இல்லை. நடுவில் வருகிற எல்லோரும் பழியை அடுத்தவர் மேல் தள்ளுகிறார்கள். குழந்தைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. காலையிலிருந்து இரவு வரை வீட்டில் 'யார் செஞ்சது?' என்ற விசாரணையில் வாழ்கிற ஜீவன் அது. கடைசியில் எல்லோரையும்விடச் சின்ன உயிரிடம் வருகிறோம். அது ஒன்றுதான் பழியைத் தள்ளவில்லை. நான்தான் கடித்தேன், கடிக்காமல் என்ன செய்வேன் என்று நம்மையே திருப்பிக் கேட்கிறது. இதற்கு நீதி எழுதச் சொன்னால் எழுத முடியாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது.

நம் பக்கத்திலும் இதன் உறவுக்காரக் கதை இருக்கிறது. வாலில் முள் குத்திய குரங்கு, வாலை இழந்து கத்தியை வாங்கி, கத்தியைக் கொடுத்து விறகை வாங்கி, விறகைக் கொடுத்து தோசையை வாங்கி, கடைசியில் மேளத்தோடு மரமேறும் கதை. மீன் கதை 'ஏன்' என்று பின்னோக்கிப் போகிறது. குரங்குக் கதை 'அப்புறம்' என்று முன்னோக்கிப் போகிறது. கதைக்கட்டு என்று பெரிய எழுத்தாளர்கள் எதைச் சொல்கிறார்களோ அதன் இரண்டு பாதிகளும் இந்த இரண்டு கதைகளிலேயே இருக்கின்றன. இதைக் கற்றுக்கொடுக்கப் பாடநூல் வேண்டாம். பிள்ளைகள் காதால் கற்றுக்கொண்டேதான் வகுப்புக்குள் வருகிறார்கள்.

நான் நடத்துகிற ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மீன் கதையைச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: ஸ்கூல் பஸ் ஏன் லேட்? இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். டிரைவர் அங்கிள் சாய் குடிக்கப் போனார், சாய் வரவில்லை. சாய் ஏன் வரவில்லை? பால் வரவில்லை. பால் ஏன் வரவில்லை? எருமை நடுரோட்டில் நின்றுவிட்டது. எருமை ஏன் நின்றது? அதன் கொம்பில் பட்டம் மாட்டிக்கொண்டது, அதற்குக் கண் தெரியவில்லை. பட்டமே, ஏன் மாட்டினாய்? இங்கே வகுப்பு திகைத்து நின்றது. சங்கராந்திக்கு மொட்டை மாடியே கதி என்று கிடக்கும் ஒரு பையன், பட்டத்தின் குரலிலேயே பதில் சொன்னான்: "நான் நேராத்தான் பறந்தேன். என்னை யாரோ வெட்டிட்டாங்க. வெட்டினா விழ மாட்டேனா?" எறும்பு பேசிய அதே நியாயம். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். ஆறு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு வரி. இரண்டாம் வகுப்புக்கு ஆறு வரி தாராளம். அதற்கு மேல் கேட்டால் கையெழுத்து கெடும், கதையும் கெடும்.

கையெழுத்து என்றதும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆறேழு வயதில் எழுதுவது உடல் உழைப்பு. பென்சிலைப் பிடிக்க வேண்டும், கோட்டுக்குள் நிற்க வேண்டும், 'ழ'வா 'ல'வா என்று பார்க்க வேண்டும், கொம்பு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று யோசிக்க வேண்டும். தமிழில் எழுத்து 247. கவனம் முழுவதும் அங்கேயே செலவாகிவிட்டால் கதைக்கு மிச்சம் இருக்காது. எழுத்துப் பயிற்சியை ஆராய்ந்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்: இந்த வயதில் பிள்ளை வாயால் சொல்லும் கதை, அதே பிள்ளை கையால் எழுதும் கதையைவிட நீளமாகவும் செறிவாகவும் இருக்கும்.

அப்படியானால் என்ன வழி? சொல்வதெழுதுதலைத் தலைகீழாக்கிவிடுங்கள். பிள்ளை சொல்லட்டும், ஆசிரியர் எழுதட்டும்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் விவியன் பேலி என்று ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியை இருந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றியவர். அவர் முறை மிக எளிது. பிள்ளை கதை சொல்லும், இவர் சொன்னது சொன்னபடி எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பு வட்டமாக உட்கார்ந்து அதை நடித்துக் காட்டும். எந்த வேடம் தனக்கு என்று கதை சொன்ன பிள்ளை தீர்மானிக்கும். இந்தச் சின்ன வேலையை வைத்துக்கொண்டு அவர் வரிசையாகப் புத்தகங்கள் எழுதினார். 1989-ல் மேக்ஆர்தர் நல்கை அவருக்குக் கிடைத்தது. அறிவியலாளர்களுக்கும் இலக்கியவாதிகளுக்கும் போகும் பரிசு அது. வாங்கியவர் பால்வாடி டீச்சர்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏழு வயதுப் பெண் குழந்தை. ஐந்து மாடி அடுக்ககத்தில் வீடு. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன்.

"ஒரு புறா லிஃப்ட்ல ஏறிடுச்சு."

எழுதினேன். அப்புறம்?

"அதுக்கு அஞ்சாவது மாடி போகணும்."

பறந்தே போகலாமே என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அதுக்குச் சிறகு வலி டீச்சர்." இதுகூடத் தெரியாதா என்று முகம் கேட்டது. "பட்டன் எட்டல. யாராச்சும் வர்ற வரைக்கும் உள்ளயே நின்னுச்சு."

யார் வந்தது? ரொம்ப நேரம் யோசனை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. "தண்ணி கேன் அங்கிள். ஆனா அவரு மூணாவது மாடி. புறா மூணுல எறங்கல. மறுபடி கீழயே வந்துடுச்சு."

அப்புறம்?

"கரன்ட் போயிடுச்சு. முடிஞ்சுது."

என் நாக்கு நுனியில் வந்து நின்றது: பாவம், புறா வீட்டுக்குப் போக வேண்டாமா? அதை விழுங்கிக்கொண்டேன். கதையை எல்லோரும் நடித்தார்கள். புறா வேடம் போட்ட பையன் இருட்டு லிஃப்டில் நிற்க மறுத்துவிட்டான். "ஜெனரேட்டர் வந்துச்சு!" என்று கத்தினான். கதாசிரியை இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு தீர்ப்பு வந்தது: "சரி, ஜெனரேட்டர் வந்துச்சு. ஆனா அது லைட்டுக்கு மட்டும்தான். லிஃப்டுக்கு இல்ல. அதனால புறா வெளிச்சத்துல நின்னுச்சு."

அடுக்ககத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த நியாயம் உடனே புரியும். இதில் பார்க்க வேண்டியது வேறொன்று. அந்தக் குழந்தை தன் கதையைத் திருத்தி எழுதியது. சிவப்பு மை எதுவும் படவில்லை. கேட்டவன் ஒருவன் 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்றான். அதற்காக மாற்றினாள், ஆனால் விட்டுக்கொடுக்காமல் மாற்றினாள். பெரிய எழுத்தாளர் பதிப்பாசிரியரிடம் செய்வதும் இதுதானே? இதே கதையை அவளே எழுத வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால், 'லிஃப்ட்' என்ற சொல்லின் ஆய்த எழுத்திலேயே நின்றுபோயிருப்பாள். 'புறா பறந்தது' என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொடுத்திருப்பாள். நானும் சரி என்று டிக் போட்டிருப்பேன்.

இந்தப் பாடத்தை நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெரிய மனிதர் படித்தார். டால்ஸ்டாய் தன் ஊரான யாஸ்னயா போல்யானாவில் உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஒரு பழமொழியைச் சொல்லி அதை வைத்துக் கதை எழுதச் சொன்னார்: கரண்டியால் ஊட்டிவிட்டு, அதே கரண்டிக் காம்பால் கண்ணைக் குத்துவது. பிள்ளைகள் விழித்தார்கள். சரி, நானே எழுதுகிறேன் என்று அவரே உட்கார்ந்தார். பையன்கள் ஒவ்வொருவராக நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, அது அப்படி இருக்காது, இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் ஃபேத்கா, சியோம்கா என்ற இரண்டு பையன்கள் சொல்ல, அவர் எழுதினார். கதையில் வரும் ஓர் ஆள் வெளியே ஓடிவரும்போது பெண்பிள்ளையின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வருகிறான் என்று ஃபேத்கா சொன்னதும் டால்ஸ்டாய் அசந்துபோனார். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வருகிற மனிதன். அந்த ஒரு கோட்டிலேயே வீடு முழுக்கத் தெரிகிறது. அந்தக் கைப்பிரதியை வேறு பையன்கள் காகித வெடி செய்து விளையாடித் தீர்த்துவிட்டார்கள் என்பதும், மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள் என்பதும் கதைக்குள் கதை. 1862-ல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: எழுதக் கற்க வேண்டியது யார் யாரிடம், உழவர் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா?

நம் நாட்டில் கிஜுபாய் பதேக்கா குஜராத்தியில் எழுதிய நூல் தமிழில் 'பகல் கனவு' என்று வந்திருக்கிறது. படிக்காத ஆசிரியர்கள் படித்துவிடுங்கள். அதில் வரும் ஆசிரியர் கூச்சலிடும் நான்காம் வகுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாடப்புத்தகத்தைத் தொடாமல் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். மேலதிகாரி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்கிறார். கேட்காத பிள்ளை சொல்லாது, சொல்லாத பிள்ளை எழுதாது. இந்த வரிசையை மாற்றினால் காகமும் பானையும்தான் மிஞ்சும்.

இனி நம் ஊர் விஷயம். சிகந்தராபாத்தில் 1806-ல் கன்டோன்மென்ட் வந்ததிலிருந்தே சென்னைப் பக்கத்துக் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. இந்த ஊரின் மகபூப் கல்லூரியே 1862-ல் சோமசுந்தரம் முதலியார் தொடங்கிய பள்ளிதான். அத்தனை பழைய உறவு. ஆனால் இன்றைய நம் பேரப்பிள்ளைகளின் தமிழ் காதோடு நின்றுவிட்ட தமிழ். பள்ளியில் ஆங்கிலம், 2018 சட்டத்துக்குப் பிறகு தெலுங்கும் கட்டாயம், இந்தி வேறு. தெருவில் தக்கனி உருது. வீட்டில் மட்டும் தமிழ், அதுவும் பேச்சுத் தமிழ். இந்தப் பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து 'காகம் தாகத்தால் வாடியது' என்று எழுதச் சொன்னால், அது ஆறாவது ஒரு மொழியில் எழுதச் சொல்வதுபோல. 'வாடியது' என்று அந்த வீட்டில் யாரும் எப்போதும் சொன்னதில்லை.

அதனால் என் வகுப்பில் பாத்திரம் வாய் திறந்தால் வீட்டுத் தமிழ். கதை சொல்பவர் குரல் வந்தால், மூன்றாம் வகுப்பிலிருந்து, மெல்ல மெல்ல எழுத்துத் தமிழ். நல்ல தமிழ் எழுத்தாளர்கள் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? ஒரு பையனின் கதையில் ஆட்டோக்காரர் 'நக்கோ' என்கிறார். 'வேண்டாம்' என்று திருத்தினால் அந்த ஆட்டோ சென்னைக்குப் போய்விடும். கதை நடப்பது சார்மினார் பக்கத்தில். 'நக்கோ' இருக்கட்டும்.

மொழியை அனுமதித்தால் மட்டும் போதாது, வீட்டையும் அனுமதிக்க வேண்டும். பாடநூல் கதைகளில் வரும் வீட்டை நினைத்துப் பாருங்கள். முன்னால் தோட்டம், பின்னால் நாய்க்குட்டி, அப்பா அலுவலகம் போகிறார், அம்மா கையசைக்கிறார். நம் வகுப்பில் எத்தனை பேர் அந்த வீட்டிலிருந்து வருகிறார்கள்? இதே ஹைதராபாத்தில் அன்வேஷி என்ற பெண்ணிய ஆய்வு மையம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்து, 2008-ல் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலத்தில் ஒரு குழந்தைப் புத்தக வரிசையைக் கொண்டுவந்தது. அதில் கோகு சியாமளாவின் கதை இருந்தது. முகமது கதீர் பாபுவின் கதை ஆட்டுத்தலைக் கறி சமைக்கிற வீட்டைப் பற்றியது. கறி வாசனையை, அதை ஆக்கித் தின்னும் சந்தோஷத்தை ஒரு குழந்தைப் புத்தகம் சொல்லலாம் என்று தெரிந்தவுடன் எத்தனை பிள்ளைகளுக்கு வாய் திறக்கும், யோசியுங்கள்.

ஆசிரியர் எதைக் கேட்டுச் சிரிக்கிறார், எதைக் கேட்டு முகம் சுளிக்கிறார் என்பதை வகுப்பு அளந்துகொண்டே இருக்கும். காட்டில் சிங்கராஜா கதைக்கு மட்டும் 'வெரி குட்' போட்டால், இரண்டே வாரத்தில் வகுப்பு முழுக்கச் சிங்கம்தான். தையல் கடையும் தண்ணீர் டேங்கரும் போனாலுப் பண்டிகையும் அதில் கடத்தின் முன்னால் ஆடிக்கொண்டு போகும் போத்தராஜுவும் வெளியே நின்றுவிடுவார்கள்.

'சரி டீச்சர், சிலருக்கு ஒன்றுமே தோன்றவில்லையே' என்பீர்கள். தோன்றும். இத்தாலியில் ஜானி ரொதாரி என்ற எழுத்தாளர், 1970-ல் ஆண்டர்சன் விருது வாங்கியவர், 1973-ல் கற்பனையின் இலக்கணம் என்று பொருள்படும் நூல் ஒன்று எழுதினார். அவர் சொல்லும் வித்தை இது: ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களை எடுத்து முட்டவிடுங்கள். நாய், அலமாரி. இரண்டையும் சேர்க்க அவர்கள் மொழியில் முன்னிடைச் சொல் வேண்டும். நமக்கோ வேற்றுமை உருபு கையில் இருக்கிறது. அலமாரியில் நாய், நாயின் அலமாரி, நாய்க்கு அலமாரி, அலமாரியோடு நாய். உருபு மாறினால் கதை மாறிவிடும். மனப்பாடம் செய்து தலையைச் சுற்ற வைத்த எட்டு வேற்றுமையும் ஒரு பிற்பகலில் விளையாட்டாகிவிடும்.

நான் ஒரு எவர்சில்வர் டப்பாவில் சீட்டுகள் போட்டு வைத்திருக்கிறேன். ஒருவனுக்கு 'பட்டம்', 'தயிர்' வந்தது. தயிரில் விழுந்த பட்டம் என்றார்கள் மற்றவர்கள். சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை. "மாஞ்சா நூல் விரலை அறுத்துடுச்சு. அதனால அம்மா தயிர் சாதம் ஊட்டிவிட்டாங்க. நான் பெரிய பையன். யாரும் பார்க்கக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டேன்." கற்பனையைக் கிளப்பப் போட்ட சீட்டு, ஒளித்து வைத்திருந்த உண்மையை வெளியே கொண்டுவந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே சுவர் இருக்கிறது என்று நாம்தான் நினைக்கிறோம்.

அடுத்து, என் பழைய பகை: கடைசி வரி நீதி. 1947-ல் சென்னையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய சந்தமாமா, நம் அம்புலிமாமா, இந்த ஊர் வீடுகளிலும் நம் வீடுகளிலும் ஒரே நேரத்தில் படிக்கப்பட்ட பத்திரிகை. அதில் எல்லோரும் முதலில் புரட்டிய பக்கம் எது? விக்கிரமாதித்தனும் வேதாளமும். அந்தக் கதைகள் எதில் முடியும்? கேள்வியில். பழைய இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பிறகும் ஆசிரியர் குழு புதிது புதிதாக எழுதிக்கொண்டே போனது. தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்ப ராவ் ஆசிரியராக இருந்து கட்டிக்காத்த பத்திரிகை அது. வேதாளம் ராஜாவுக்குப் புத்திமதி சொல்வதில்லை. சிக்கலைச் சொல்லி, நீயே சொல் என்று விட்டுவிடும். மூன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளை அப்படி எழுதச் சொல்லுங்கள். கதை முடிவில் வகுப்பை நோக்கி ஒரு கேள்வி. காகம் வடையைத் திருடியது, நரி காகத்திடம் திருடியது. வடை யாருக்குச் சேர வேண்டும்? பாட்டிக்கு என்று ஒருவராவது சொல்கிறார்களா என்று பாருங்கள். நாம் இத்தனை வருஷம் அந்தக் கதையைச் சொல்லியும் பாட்டியின் நஷ்டத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போட்டிக்குக் கதை அனுப்ப வேண்டும் என்று அப்பா கைபேசியில் கேட்டு, மெருகேற்றி, பிள்ளையைக் கொண்டு பிரதி எடுக்க வைப்பதைப் பார்க்கிறேன். முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளை 'அந்திச் சூரியன் பொன்னொளி வீசியது' என்று எழுதாது. அதற்குப் பரிசு கொடுக்கிற நடுவர்களையும் எனக்குத் தெரியும், அது வேறு கதை.

திருத்தம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் கதையின் மேல் வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்பில் எழுத்துப் பயிற்சிக்குத் தனி நேரம், தனி நோட்டு. கதைத் தாளில் சிவப்பு மை படவே கூடாது. மூன்றாம் வகுப்பில் ஒரு கதைக்கு ஒரே ஒரு விஷயம்: இன்றைக்கு முற்றுப்புள்ளி மட்டும், அடுத்த முறை ர, ற மட்டும். நான்கு, ஐந்தாம் வகுப்பில் பிள்ளையே எழுந்து வாசித்துக் காட்டட்டும். வாசிக்கும்போது பாதித் தவறு அதன் காதிலேயே பட்டுவிடும். மீதிக்கு நீங்கள் கேள்வி கேளுங்கள். அவன் எங்கே நின்றுகொண்டிருந்தான்? கையில் என்ன இருந்தது? கதவைத் திறந்தது யார்? 'வர்ணித்து எழுது' என்று சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. கையில் என்ன இருந்தது என்று கேட்டால் உடனே பதில் வரும். ஃபேத்காவின் கோட்டு மாதிரி ஒன்று அந்தப் பதிலில் அகப்படும்.

நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிஷ பீரியட், ஒருவர் ஒருவராக உட்கார்ந்து எப்படிக் கதை கேட்பது? நியாயமான கேள்வி. நாளைக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிஷம். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஒரு சுற்று வந்துவிடும். மற்றவர்கள் அந்த நேரம் படம் வரைவார்கள், சத்தம் போடுவார்கள். சத்தம் இல்லாமல் இது நடக்காது; அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து விடுங்கள்.

எழுதி முடித்த கதை எங்கே போகிறது என்பதும் முக்கியம். நோட்டோடு பரண் மேல் போனால் அதோடு சரி. தெலங்கானாவில் பாலசெலிமி என்ற சிறுவர் இதழைச் சேர்ந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளே எழுதிய கதைகளை மாவட்ட வாரியாகத் தொகுத்துப் புத்தகங்களாகப் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 2022 முதல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் வருகின்றன. வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை வகுப்புக்கே கொண்டுவந்திருக்கிறது. இங்கே தார்நாக்காவில் 'மஞ்சி புஸ்தகம்' பதிப்பகத்தில் தெலுங்குக் குழந்தைப் புத்தகங்கள் மலிவு விலையில் கிடைக்கின்றன. தெலுங்கு படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் அவற்றைப் படித்துத் தமிழில் சொல்லலாம்.

இதெல்லாம் கைக்கு எட்டவில்லை என்றால் இரண்டு தாள், ஒரு ஊசி, கொஞ்சம் நூல். தாள்களை மடித்து நடுவில் இரண்டு தையல் போட்டால் எட்டுப் பக்கப் புத்தகம். அட்டையில் கதையின் பெயர், ஆசிரியர் பெயர், விலை. விலையைப் பிள்ளைகளே போட்டுக்கொள்வார்கள். என் வகுப்பில் மிக விலை உயர்ந்த நூல் ஆயிரம் ரூபாய், மிக மலிவானது ஒரு மில்க் சாக்லேட். வகுப்பு அலமாரியில் மற்ற புத்தகங்களோடு சேர்த்து வையுங்கள், தனியாக வைக்காதீர்கள். இன்னொரு பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்கும் நாள் வரும்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வெளியே வராந்தாவில் மேசை போட்டு எங்கள் பிள்ளைகளின் புத்தகங்களை வைத்திருக்கிறோம். எழுதியவர்களும் பக்கத்திலேயே நிற்கிறார்கள், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எடுத்துப் படியுங்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: பேனாவைப் பையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.